வீட்டுக்குள் ஃபைல் காப்பி ஏன் இழுக்கிறது? கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மேசைக் கம்ப்யூட்டரில் இருக்கும் 60 ஜிபி கல்யாண வீடியோவைப் பக்கத்து அறை லேப்டாப்புக்கு அனுப்புகிறீர்கள். விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் ஆகும் என்கிறது. உடனே பலர் செய்வது, இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு இன்னும் பெரிய பிளானுக்கு மாறுவது. அந்தப் பணம் வீண். வீட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே போகும் ஃபைல், ரூட்டர் வரை போய் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. வெளியே போவதே இல்லை. ஃபைபர் வயரைப் பிடுங்கிவிட்டாலும் காப்பி பாட்டுக்கு ஓடும். அதனால் 100 எம்பி பிளானா 500 எம்பி பிளானா என்பதற்கும் இந்த வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கிளவுட் டிரைவ் ஃபோல்டரிலோ சாட் ஆப்பிலோ போட்டு அந்தப் பக்கம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், ஃபைல் ஊரைச் சுற்றித்தான் வருகிறது. அப்போது உங்கள் அப்லோட் வேகம்தான் கணக்கு. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு ஷேர் செய்த ஃபோல்டருக்கு (ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை வீட்டு நெட்வொர்க் வழியாக மற்றதிலிருந்து திறக்கும் வசதி) மாறினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மற்றபடி, எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு எங்கே என்பதை அந்த எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

நான்கைந்து ஜிபி இருக்கும் ஒரே ஒரு ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டர் வேண்டாம், அதற்குக் காரணம் பிறகு வருகிறது. ஷேர் செய்த ஃபோல்டரில் அதைக் காப்பி செய்து, காப்பி விண்டோவில் விவரங்களைக் காட்டும் அம்புக்குறியை அழுத்தினால் வேகமும் வரைபடமும் தெரியும். ஒரு நிமிடம் ஓடவிட்டு அப்புறம் எண்ணைப் பாருங்கள். தொடக்கத்தில் காட்டும் வேகத்தை நம்ப முடியாது. அது மெமரிக்குள் போகும் வேகமாக இருக்கலாம். பிறகு வேறொரு பெரிய ஃபைலை எதிர்த்திசையில் அனுப்பி அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அலகில்தான் பலர் குழம்புகிறார்கள். கேபிள், ரூட்டர், வைஃபை எல்லாவற்றின் வேகமும் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. காப்பி விண்டோ காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக 100 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி நொடிக்கு 12.5 மெகாபைட்தான் வரும். தகவலோடு சேர்ந்து போகும் முகவரி, சரிபார்ப்பு போன்றவற்றைக் கழித்தால் கையில் கிடைப்பது 11 சொச்சம். 1000 மெகாபிட், அதாவது கிகாபிட் இணைப்பில் இதே கழிவுக்குப் பிறகு 110 முதல் 118 வரை வரும்.

இப்போது நீங்கள் குறித்த எண்ணைப் பாருங்கள். கேபிளில் 110க்கு மேல் என்றால் நெட்வொர்க்கில் குறையே இல்லை; இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். 11க்கும் 12க்கும் நடுவே அசையாமல் நிற்கிறது என்றால் வழியில் ஏதோ ஒன்று 100 மெகாபிட்டில் ஓடுகிறது. 30 முதல் 40 வரை நிற்கிறது என்றால் எங்காவது யு.எஸ்.பி. 2.0 இருக்கிறதா பாருங்கள். 2 முதல் 6 வரை ஏறி இறங்குகிறது என்றால் அநேகமாக 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. நூறில் ஆரம்பித்துச் சில நொடிகளில் தடாலென்று விழுந்தால் நெட்வொர்க்கை விட்டுவிட்டு டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். கேபிள் போட்டும் 1 மெகாபைட்டைத் தாண்டவில்லை என்றால் ஒன்று கேபிளில் பழுது, அல்லது இரண்டு முனைகளுக்கும் வேக ஒப்பந்தத்தில் தகராறு.

11இல் நின்றால்: எட்டுக் கம்பியும் வேலை செய்கிறதா?

வீடுகளில் அதிகம் பார்க்கக்கூடிய கோளாறு இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு என்ற வரி இருக்கும். அதில் 1000/1000 என்று இருக்க வேண்டும். 100/100 என்றால் ஆள் கிடைத்துவிட்டார். இரண்டு கம்ப்யூட்டரிலும் பாருங்கள், ஒன்று சரியாக இருந்து மற்றது இழுத்தாலும் காப்பி இழுக்கும்.

அடுத்து சந்தேகிக்க வேண்டியது ரூட்டரை. இன்டர்நெட் கம்பெனிகள் கொடுக்கும் ஃபைபர் பெட்டிகளில் பலவற்றில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட். மற்றவை 100 மெகாபிட். பெட்டியின் பின்பக்கம் ஜிஇ, எஃப்இ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால், ஜிஇ கிகாபிட், எஃப்இ நூறு மெகாபிட். சில மலிவு ரூட்டர்களில் எல்லாப் போர்ட்டுமே 100தான், வைஃபைக்கு மட்டும் பெரிய எண் போட்டு விற்பார்கள். இது செட்டிங்கில் மாறாது.

ரூட்டரை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் (பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் சிறு பெட்டி) ஒன்று வாங்கி, இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் சொருகி, ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிளை ரூட்டருக்குக் கொடுங்கள். கம்ப்யூட்டர்களுக்கு நடுவே போகும் ஃபைல் ஸ்விட்சுக்குள்ளேயே திரும்பிவிடும், ரூட்டரின் மெதுவான போர்ட்டைத் தொடவே தொடாது. செட்டிங் எதுவும் செய்ய வேண்டாம். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாத் தீர்வுகளிலும் கொடுக்கும் காசுக்கு அதிகம் கிடைப்பது இதில்தான் என்பேன்.

ரூட்டர் சரி என்றால் கேபிள். 100 மெகாபிட்டுக்கு கேபிளில் உள்ள 8 கம்பிகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் இரண்டு பக்கமும் பேசிப்பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். இன்டர்நெட் வேலை செய்யும், வீடியோ ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது. பெரிய ஃபைல் அனுப்பும்போதுதான் வெளிப்படும்.

நம்மூரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயர் போட வருபவர் அவசரத்தில் நான்கு கம்பியை மட்டும் வைத்து ஜாக்கை க்ரிம்ப் செய்துவிடுவார் (கம்பியோடு அழுத்திப் பொருத்திவிடுவார்). அல்லது ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து நான்கு கம்பியை ஒரு கம்ப்யூட்டருக்கும் மீதி நான்கை இன்னொன்றுக்கும் கொடுத்திருப்பார். ஜாக் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். கிளிப் உங்களுக்கு மறுபக்கம் இருக்கும்படி, கேபிள் கீழே வரும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக இந்த வரிசை தெரிய வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

பச்சை ஜோடியைப் பிரித்து நடுவே நீலத்தைத் திணித்திருப்பது தவறு போலத் தெரியும். அது வேண்டுமென்றே செய்தது. 3ஆம் 6ஆம் இடங்கள் ஒரு ஜோடியாக வேலை செய்கின்றன. அந்த இரண்டிலும் ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகள்தான் இருக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று நிறம் நிறமாக அடுக்கி, இரண்டு முனையிலும் அதே மாதிரி போட்டுவிட்டால், சாதாரண கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் முறுக்கு பொருந்தாததால் ஒரு கம்பியின் சிக்னல் இன்னொன்றில் கசிந்து, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டி வரும். டெஸ்டர் நல்ல கேபிள் என்று சொல்லும், காப்பி மட்டும் நொண்டும்.

கேபிளின் மேல் உறையில் கேட்5இ அல்லது கேட்6 என்று இருந்தால் போதும். கேட்5இ 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும்; வீட்டுக்குள் கேட்7, கேட்8 என்றெல்லாம் தேடிப் போக வேண்டாம். அதைவிட முக்கியம், கம்பி முழுச் செம்பா என்பது. விலை குறைந்த கேபிள்களில் அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். சீக்கிரம் முறியும், க்ரிம்ப் செய்த இடத்தில் நாளடைவில் பிடி தளரும். மாடிக்கு வெளிச்சுவர் வழியாக, வெயில் படும்படி இழுத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

எது பழுது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல குட்டை கேபிளைக் கையில் எடுங்கள். லேப்டாப்பை ரூட்டர் பக்கத்திலேயே கொண்டுபோய் அந்தக் கேபிளில் சொருகி லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000 வந்தால் பழைய கேபிள்தான் குற்றவாளி. வராவிட்டால் வேறு போர்ட்டில் சொருகுங்கள். இடி மின்னலில் முழுதாகச் சாகாமல் அரைகுறையாகக் கெட்ட போர்ட்களும் இப்படி 100இல் தங்கிவிடும். அப்போதும் வராவிட்டால் லேப்டாப் பக்கம் பாருங்கள். லேன் போர்ட் இல்லாத லேப்டாப்புக்கு வாங்கும் மலிவான யு.எஸ்.பி. அடாப்டர்கள் பலவும் 100 மெகாபிட்தான். கிகாபிட் அடாப்டராக இருந்து அதை யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் சொருகியிருந்தால் 30, 40க்கு மேல் போகாது. நீல நிறப் போர்ட் இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்பது கடைசி வரை தெரியாது.

கம்ப்யூட்டரின் நெட்வொர்க் டிரைவர் செட்டிங்கில் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதை ஆட்டோ நெகோஷியேஷனில் (இரண்டு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்யும் முறை) விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் முறை) என்று கட்டாயப்படுத்தி, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசும் முறை) இறங்கிவிடும். ஒருவர் பேசும்போதே மற்றவரும் பேச, தகவல் மோதிக்கொண்டே இருக்கும். பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) அழகாக வரும், பெரிய ஃபைல் மட்டும் ஊரும். கேபிள் இருந்தும் 1 மெகாபைட்டுக்குக் கீழே போனால் இங்கே பாருங்கள்.

வைஃபை என்றால்

வைஃபை காட்டும் லிங்க் ஸ்பீடில் பாதி கையில் கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில், ஒற்றை ஆன்டெனா உள்ள சாதாரண லேப்டாப்புக்கு லிங்க் ஸ்பீடு 72 மெகாபிட். அதில் பாதி போனால் நொடிக்கு 4, 5 மெகாபைட். இரண்டு கம்ப்யூட்டரும் வைஃபையில் இருந்தால் அதுவும் பாதியாகும். ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஃபைலின் ஒவ்வொரு துண்டும் முதல் கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டருக்கு ஒருமுறை, ரூட்டரிலிருந்து இரண்டாவதுக்கு ஒருமுறை என்று காற்றில் இரண்டு தடவை போகிறது.

ஆகவே முதல் வேலை, இரண்டில் ஒன்றையாவது கேபிளுக்கு மாற்றுவது. நகர்த்தாத மேசைக் கம்ப்யூட்டருக்குக் கேபிள் கொடுத்தாலே வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

அடுத்து 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டு ஆன்டெனா உள்ள ஏசி ரக (802.11ac, அதாவது வைஃபை 5) லேப்டாப்புக்கு லிங்க் ஸ்பீடு 866 வரை போகும், அதே அறையில் நொடிக்கு 50 மெகாபைட் சுமார் எதிர்பார்க்கலாம். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவர் பிடிக்காது, அதிலும் கான்கிரீட் தளம் சுத்தமாகப் பிடிக்காது. கீழே ரூட்டர், மாடியில் லேப்டாப் என்றால் லேப்டாப் தானாகவே 2.4க்கு இறங்கிவிடும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் எதில் இருக்கிறோம் என்பதே தெரியாது. தற்காலிகமாகத் தனித்தனிப் பெயர் வைத்துச் சோதியுங்கள். மாடிக்கு ரிப்பீட்டர் வாங்கும் யோசனை இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தை இன்னொரு முறை பாதியாக்கும். மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே ஒரு அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி) வைப்பதுதான் நிற்கும் தீர்வு.

2.4இலேயே இருந்தாக வேண்டும் என்றால் சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வையுங்கள், ஒன்றோடொன்று மோதாதவை அவைதான். அபார்ட்மென்ட் என்றால் சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ரூட்டரின் வைஃபை பாதுகாப்பு முறையில் டிகேஐபி என்ற பழைய முறை இருந்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள். டிகேஐபி இருக்கும்வரை வைஃபை 54 மெகாபிட்டைத் தாண்டாது. அப்புறம், யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அதன் வயரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். வைஃபை டாங்கிளுக்குப் பக்கத்துப் போர்ட்டில் டிஸ்க்கைச் சொருகி, அந்த டிஸ்க்குக்கே வைஃபையில் காப்பி செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க்கா, டிஸ்க்கா?

லிங்க் ஸ்பீடு 1000 என்கிறது, காப்பி மட்டும் 25இல் நிற்கிறது. இங்கே இரண்டையும் பிரித்து அளக்க வேண்டும்.

டிஸ்க் இல்லாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவி இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரிலும் இறக்கிக்கொண்டு, ஒன்றின் கமாண்ட் விண்டோவில் அதன் பெயருக்குப் பின் ஓர் இடம் விட்டு, கழித்தல் குறியும் ஆங்கிலச் சின்ன எழுத்து எஸ்ஸும் போடுங்கள். அது காத்திருக்கும். மற்றதில் எஸ்ஸுக்குப் பதிலாகச் சின்ன எழுத்து சி போட்டு, ஓர் இடம் விட்டு, முதல் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி) கொடுங்கள். பத்து நொடி ஓடி முடிவு சொல்லும். இது மெகாபிட்டில் வரும் என்பதை மறக்காதீர்கள். 940 சுமார் வந்தால் நெட்வொர்க் சுத்தம், கேபிளைத் தொடாதீர்கள். 95க்குக் கீழே என்றால் முன்சொன்ன 100 மெகாபிட் கதைதான். கடைசியில் கழித்தல் குறியோடு பெரிய எழுத்து ஆர் சேர்த்தால் எதிர்த்திசையிலும் அளக்கும்.

நெட்வொர்க் சுத்தம் என்றால் காப்பி ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க்கைப் பாருங்கள். 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் கம்ப்யூட்டர்தான் இழுக்கிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய லேப்டாப் டிஸ்க், பாதி நிரம்பிய பிறகு கிகாபிட் கேபிளுக்கு ஈடுகொடுக்காது. மலிவு எஸ்.எஸ்.டி.க்கள் முதல் சில ஜிபியை வேகமாக வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் வேகமான பகுதி நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகப் போகும். வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குகளில் டிராக்குகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் ரகம் நிறைய உண்டு. பெரிய காப்பியின் நடுவில் வேகம் சரிந்து, நின்று, மீண்டும் எழுந்தால் அநேகமாக அதுதான். இதற்கெல்லாம் நெட்வொர்க்கில் மருந்து கிடையாது.

ரூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் டிஸ்க்கைச் சொருகி வீட்டுக்கே பொதுவாக வைப்பவர்கள், ரூட்டரின் குட்டி பிராசஸரிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கேபிள் கிகாபிட்டாகவே இருந்தாலும் நொடிக்கு 10, 20 மெகாபைட்டில் நின்றுவிடுவது சகஜம். இப்படிப்பட்ட பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு எஸ்எம்பி1 என்ற பழைய ஷேரிங் முறைதான் தெரியும். 2017இல் வந்த 1709 பதிப்பு முதல் விண்டோஸ் 10 புதிதாக நிறுவும்போது அதைச் சேர்ப்பதில்லை. வேகம் குறைவு என்பதோடு, அதே 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. ஒரு பழைய பெட்டிக்காக அதைத் திரும்ப ஆன் செய்ய வேண்டாம், பெட்டியை மாற்றுங்கள்.

ஆயிரக்கணக்கில் சின்ன ஃபைல்கள்

சோதனைக்கு ஒரே ஃபைல் வேண்டும் என்றதன் காரணம் இது. மூட்டை அரிசியைத் தோளில் தூக்கிப் போவதற்கும், அதே அரிசியைப் படி படியாக அளந்து, ஒவ்வொரு படிக்கும் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் பெயர் உருவாக்கி, திறந்து, எழுதி, தேதி பதிந்து, மூடி, பதில் வாங்க வேண்டும். போதாததற்கு ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். நல்ல கிகாபிட் கேபிளிலும் இது 1, 2 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். வைஃபையில் ஒவ்வொரு பதிலுக்கும் தாமதம் கூடுதல் என்பதால் இன்னும் மோசம்.

தீர்வு, அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டுவது. 7-ஜிப்பில் சுருக்கும் அளவை ஸ்டோர் என்று வையுங்கள். போட்டோவும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கியவை. மறுபடி சுருக்கினால் நேரம்தான் போகும். அடிக்கடி பேக்கப் எடுப்பவர்கள் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பியைப் பழகிக்கொள்ளலாம். அதில் எம்டி என்ற ஆப்ஷன் கொடுத்தால் எட்டு ஃபைலை ஒரே நேரத்தில் அனுப்பும். மாறாத ஃபைலை அடுத்த முறை தொடாது.

இரண்டு ரூட்டர் உள்ள வீடு

கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டி ஒன்று, சொந்தமாக வாங்கிய ரூட்டர் ஒன்று. இரண்டு கம்ப்யூட்டரின் ஐபி முகவரியையும் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் இரண்டும் தனித்தனி நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஒரு திசையில் பெயர்கூடத் தெரியாது, மறு திசையில் தெரிந்தாலும் எல்லாம் இரண்டாவது ரூட்டரின் பிராசஸர் வழியாக முகவரி மாறிப் போக வேண்டும். இரண்டாவது ரூட்டரை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோடு இல்லாத பழைய ரூட்டர் என்றால், முதல் பெட்டியோடு மோதாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்து, டிஹெச்சிபியை (கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி வழங்கும் வேலை) அணைத்து, வேன் போர்ட்டுக்கு (இன்டர்நெட் கேபிள் சொருகும் போர்ட்) பதில் லேன் போர்ட்டில் கேபிளைச் சொருகுங்கள். லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் மற்ற கம்ப்யூட்டர்களையே பார்க்க விடாது, அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் ஆன் ஆகியிருக்கும் லேப்டாப்பில், சோதனை முடியும்வரை வைஃபையை அணைத்து வையுங்கள். விபிஎன் ஓடினால் அதையும்.

தொடாமல் விட வேண்டியவை

ஜம்போ ஃபிரேம் (தகவலை வழக்கத்தைவிடப் பெரிய துண்டுகளாக அனுப்பும் செட்டிங்) வேண்டாம். வழியில் உள்ள எல்லாக் கருவியும் ஒரே அளவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும், ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் காப்பி பாதியில் தொங்கும். கிடைக்கும் லாபமோ அற்பம். ரெஜிஸ்ட்ரியை மாற்றி நெட்வொர்க்கைப் பறக்க வைப்பதாகச் சொல்லும் மென்பொருள்களையும் தள்ளி வையுங்கள். டிசிபி ஆட்டோ ட்யூனிங்கை (பதிலுக்குக் காத்திராமல் எவ்வளவு தகவல் அனுப்பலாம் என்பதை விண்டோஸ் தானே சரிசெய்யும் வசதி) அணைக்கச் சொல்லும் பழைய அறிவுரையை எப்போதோ கேட்டுச் செய்திருந்தால் அதை நார்மலுக்குத் திருப்புங்கள். கேபிளில் வித்தியாசம் தெரியாமல் போகலாம், தாமதம் கூடிய வைஃபையில் அது வேகத்தைக் கட்டிப்போடும்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், இரண்டு கம்ப்யூட்டரின் வைஃபையையும் அணைத்துவிட்டு ஒரே கேபிளால் நேராக இணையுங்கள். கிகாபிட் போர்ட்களுக்குத் தனி கிராஸ் கேபிள் (ஒரு முனையில் கம்பி வரிசையை மாற்றிய கேபிள்) தேவையில்லை. சற்று நேரத்தில் இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்ளும், அந்த முகவரியை வைத்து ஷேரைத் திறக்கலாம். இப்போது 110 வந்தால் கோளாறு ரூட்டர், ஸ்விட்ச், சுவருக்குள் ஓடும் கேபிள் இவற்றில்தான். வராவிட்டால் கம்ப்யூட்டர்களில் ஒன்றிலோ டிஸ்க்கிலோ. ஒரே ஒரு தடவை பெரிய காப்பி என்றால், சோதனைக்குப் போட்ட இந்தக் கேபிளிலேயே வேலையை முடித்துவிடலாம்: வைஃபையில் ஐந்தரை மணி நேரம் கேட்ட 60 ஜிபி இதில் பத்து நிமிடத்துக்குள் போய்விடும்.

அதற்கும் மேல் வேகம் வேண்டும் என்பவர்களுக்கு 2.5 கிகாபிட் ஸ்விட்சும் அடாப்டரும் கிடைக்கின்றன. நல்ல கேட்5இ கேபிளிலேயே ஓடும், நொடிக்கு 280 மெகாபைட் வரை வரும். ஆனால் இரண்டு முனையிலும் நல்ல எஸ்.எஸ்.டி. இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒரு பக்கம் ஹார்ட் டிஸ்க் இருந்தால் சாதாரண கிகாபிட்டே போதும்.